வலிப்புக்காரன் வண்டி

பழி வாங்குவதற்காகத்தான் நான் கனரக வாகன லைசென்ஸ் எடுத்தேன். கேட்டவர்களிடம் பிழைப்புக்கு என்று சொன்னேன். பிழைப்புக்கு எனக்கு லைசென்ஸ் வேண்டியதே இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து ஏதோ ஒரு வேலை கிடைத்துக்கொண்டேதான் இருந்தது. பழவேற்காடு பக்கம் இறால் குட்டையில் தீவனம் போட்டிருக்கிறேன். மீஞ்சூரில் தண்ணீர் லாரிக்குக் குழாய் பிடித்திருக்கிறேன். வள்ளூரில் சாம்பல் வண்டிகளைக் கழுவியிருக்கிறேன். ஓரிடத்தில் ஒரு வருஷம் முழுக்க இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். படுக்க இடம் இல்லாத நாட்களில் ரயில்வே ஸ்டேஷன் இருந்தது. அதையெல்லாம் நான் கஷ்டக் கணக்கில் சேர்ப்பதில்லை. லைசென்ஸ் மட்டும் ஒரே ஓர் ஆளுக்காக எடுத்தது.

அவன் கும்மிடிப்பூண்டியில் பழைய டிரைவர். நான் அவனிடம் கிளீனராக இருந்தேன். கம்பி ஆலைகளிலிருந்து ஆந்திராவுக்கு லோடு அடிக்கும் லாரி. மற்ற டிரைவர்கள் காலி வண்டியில் திரும்பி வரும்போது, ஆளில்லாத ரோட்டில் கொஞ்ச தூரம் கிளீனர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுப்பார்கள். எல்லாக் கிளீனரும் அப்படித்தான் டிரைவர் ஆகிறார்கள். அவன் எனக்கு ஒருநாளும் கொடுத்ததில்லை. அதைக்கூட நான் மன்னித்திருப்பேன்.

ஒருநாள் ஆலைக்குள் லோடு ஏற்றி முடித்து, நான் கம்பிக் கட்டுகளின் மேல் நின்று சங்கிலியை இறுக்கிக்கொண்டிருந்தேன். மேலே ஆள் இருக்கும்போது வண்டியை அசைக்கக் கூடாது. கிளீனர் கீழே இறங்கி, பாடியை இரண்டு தட்டு தட்டிய பிறகுதான் டிரைவர் கியர் போட வேண்டும். அவன் போனில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டே கியரைப் போட்டான். வண்டி ஒரு குதி குதித்தது. நான் தலைகீழாகத் தரையில் விழுந்தேன்.

கண் திறந்தபோது என் உள்ளங்கையில் ஒரு சாவிக் கொத்து அழுந்திக் கிடந்தது. சுற்றிலும் ஆட்கள். அவன் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து என் விரல்களை மடக்கிப் பிடித்திருந்தான்.

"ஒண்ணுமில்லடா, வலிப்பு. உனக்கு இது கீதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றான்.

ஆள் மேலே இருக்கும்போது வண்டியை எடுத்தான் என்று தெரிந்திருந்தால் ஆலைக்காரர்கள் அவனுடைய கேட் பாஸைக் கிழித்திருப்பார்கள். பிறகு அந்தத் தொழிற்பேட்டையில் எந்த கேட்டுக்குள்ளும் அவனால் நுழைய முடியாது. அதனால் எனக்கு வலிப்பு வந்தது. கையில் இரும்பு வைத்தால் வலிப்பு நிற்கும் என்று எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். கையில் சாவியோடு கிடந்தவனைப் பார்த்த பிறகு யாரும் வேறு கேள்வி கேட்கவில்லை.

வலிப்புக்காரனை லாரியில் யாரும் ஏற்ற மாட்டார்கள். டிரைவராக ஆக்குவது என்ற பேச்சே கிடையாது. லாரி நிற்கும் மைதானத்துப் பக்கம் போனால் யாராவது சாவியைக் குலுக்குவார்கள். சின்னச் சத்தம்தான். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் குலுக்குவான். அவன் கூடுதலாக ஒருமுறை குலுக்குவான்.

இதில் கேவலம் என்னவென்றால், நானே அதை நம்பினேன். ரொம்ப நாள் நம்பினேன். ஏரியில் இறங்கப் பயந்தேன். அடுப்புப் பக்கம் உட்காரப் பயந்தேன். ரயிலில் கதவோரம் நிற்பது எனக்குப் பிடித்த விஷயம், அதையும் விட்டேன். பிறகு தேர்வாய் கண்டிகையில் ஒரு காண்ட்ராக்ட் வேலையில் இருந்தபோது, பீகாரிலிருந்து வந்த ஒரு தொழிலாளி என்னை அடையாளம் கண்டுபிடித்தான். நான் விழுந்த அன்று ஆலையில் கிரேனுக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தவன் அவன். அவனுக்குத் தெரிந்த தமிழில் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னான்: "முதல்ல வண்டி போச்சு. அப்பறம் நீ விழுந்துச்சு. உனக்கு ஒண்ணும் வரல. டிரைவர் ஓடி வந்து சாவி வெச்சாரு."

அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. வேலையை விட்டுவிட்டு நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், தலையில் ஒயர் ஒட்டிச் செய்யும் சோதனைக்கு வரிசையில் நின்றேன். எதுவும் இல்லை என்றார்கள். அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து மைதானத்தில் காட்டினேன். "வலிப்பு வர்ற நேரத்துல எட்த்தாத்தானே தெரியும்?" என்றான் ஒருவன். சாவி குலுங்கியது.

அதற்குப் பிறகு மீஞ்சூரில் தண்ணீர் லாரிக்குக் குழாய் பிடித்துக்கொண்டே ஓட்டக் கற்றுக்கொண்டேன். அங்கே யாருக்கும் என் கதை தெரியாது. சின்ன லைசென்ஸ், பிறகு பெரிய லைசென்ஸ். வாங்கிய கையோடு கும்மிடிப்பூண்டிக்கே திரும்பினேன். வேறு எந்த ஊரில் ஓட்டினாலும் எனக்குப் பிரயோஜனம் இல்லை.

ஒரு லாரி ஓனரம்மா இருந்தார். தடா பக்கத்துத் தெலுங்கு அம்மா, புருஷன் போன பிறகு இரண்டு வண்டிகளைத் தனியாக நடத்திக்கொண்டிருந்தார். டிரைவர் கிடைக்காமல் ஒரு வண்டி நின்றே கிடந்தது. டயருக்கு நடுவில் புல் முளைத்திருந்தது. அவர் என் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஊரு பேசறது எனக்குத் தெரியும் நைனா. நீ பொய் சொல்றியா, அவுங்க பொய் சொல்றாங்களான்னு எனக்குத் தெரியாது. ஓங்கோலுக்கு ஒரு லோடு கீது. போய் எறக்கிட்டு வா. வண்டியில கீறல் இல்லாம வந்தா வண்டி உனக்கு. கீறல் இருந்துச்சு, நீ மைதானம் பக்கமே வரக் கூடாது. நானும் சேர்ந்து சாவி ஆட்டுவேன், சொல்லிட்டேன்."

கிளீனர் யாரும் வரவில்லை. ஒருவன் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் காலையில் போனை அணைத்துவிட்டான். இன்னொருவனின் மாமன் வந்து, "பொண்டாட்டி புள்ளை கீது அவனுக்கு" என்று சொல்லிப் போனார். நின்றுகொண்டிருந்த வண்டியில் ஏறி உட்காரக்கூட ஒருவரும் தயாரில்லை. அதனால்தான் என் முதல் நெடுஞ்சாலைப் பயணம் தனிப் பயணம் ஆனது.

கம்பி ஏற்றிக்கொண்டு ஆலையை விட்டு வெளியே வந்து, ரோட்டோர டீக்கடைக்கு எதிரில் நிறுத்தினேன். ஓனரம்மா எலுமிச்சம்பழங்களைச் சக்கரத்தடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவன் டீக்கடையில் இருந்தான். அவனுக்கும் அன்று ஆந்திரா லோடுதான், வேறொரு ஓனர் வண்டியில். டீ கிளாஸை வைத்துவிட்டு வந்து என் கதவில் கை வைத்தான்.

"எங்கடா கெளம்பிட்ட?"

புறப்படுகிறவனை எங்கே என்று கேட்கக் கூடாது. தெரியாமல் கேட்கிற ஆள் இல்லை அவன்.

"அண்ணே, ஓங்கோல்" என்றேன்.

"தனியாவா? கையில இரும்பு எதுனா வெச்சிக்கினு போ." சாவியை எடுத்து என் காதுக்குப் பக்கத்தில் குலுக்கினான். டீக்கடை சிரித்தது. பிறகு தன் வண்டியில் ஏறி எனக்கு முன்னால் போய்விட்டான். ஓனரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "கண்ணு ரோட்டு மேல" என்று சொல்லி ஒதுங்கி நின்றார்.

எலுமிச்சம்பழம் நசுங்கியதா என்றுகூட நான் பார்க்கவில்லை.

ஆரம்பத்தில் எல்லாமே தப்பாக நடந்தது. கிளீனர் என்பவன் டிரைவரின் இடது கண். இடது பக்கம் ஆட்டோ நுழைகிறதா, பைக் உரசுகிறதா என்று அவன்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் இடது பக்கக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு வட்டக் கண்ணாடியைக் கம்பியால் கட்டியிருந்தேன். அதில் எல்லாம் எறும்பு மாதிரி தெரிந்தது. முதல் பாலத்தைத் தாண்டும்போது இடது பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ நுழைவதைப் பார்த்துவிட்டு, பழக்கத்தில், "லெஃப்ட்டுல ஆட்டோண்ணே!" என்று நானே கத்தினேன். கேட்க யாரும் இல்லை. அண்ணே என்று வாயில் வந்ததற்காக எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது.

கம்பி லோடில் சட்டென்று பிரேக் பிடிக்க முடியாது. பிடித்தால் பின்னால் இருக்கிற கம்பி முன்னால் வரும், கேபினுக்குள் வரும், முதுகுக்குள் வரும். அதனால் முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் நடுவே பெரிய இடைவெளி விட வேண்டும். இடைவெளி விட்டால் கார்க்காரர்கள் அதில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். நான் மறுபடி பின்வாங்குவேன், இன்னொரு கார் வரும். ஆரம்பாக்கம் வரை இப்படியே போனது. தடா தாண்டும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எதிர்த்திசையில் பால் கேனோடு ஒரு பைக், சென்டர் மீடியனில் மேயும் எருமை, ஓரத்தில் நின்று கதவைத் திறக்கும் பஸ். ஒவ்வொன்றையும் கடந்ததும், அவன் முகத்தில் ஓர் அறை விட்டதாக நினைத்துக்கொண்டேன். அந்தக் கணக்கில் சூளூர்பேட்டை வரும்போது அவன் முகம் வீங்கியிருக்கும்.

அதற்குப் பிறகு ரோடு கைக்கு வந்தது. வலது பக்கம் தூரத்தில் ஏரி வெயிலில் தகரம் மாதிரி தெரிந்தது. கியர் எனக்குச் சொல்லாமலே விழ ஆரம்பித்தது. சந்தோஷமாக இருந்தது என்று எழுதத்தான் வேண்டும், ஆனால் அந்தச் சந்தோஷத்திலும் அவன்தான் இருந்தான். என்ன செய்யலாம் அவனை என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். அவன் வண்டியின் காற்றைப் பிடுங்கலாம். அவன் ஓனரிடம் போய் டீசல் திருடுகிறான் என்று சொல்லலாம். எதுவும் எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை. அவன் என் பெயரைக் கெடுத்தான். என் பெயரை அவன் வாயாலேயே திருப்பி வாங்க வேண்டும். அது எப்படி என்றுதான் தெரியவில்லை.

நாயுடுபேட்டை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோட்டில் வேப்பங்கிளைகள் போட்டிருந்தன. முன்னால் வண்டி நிற்கிறது என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்தேன். நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் என் வயிற்றில் ஏதோ இனித்தது. அவன் வண்டி. முன்பக்க மூடி திறந்திருக்க, அடியிலிருந்து தண்ணீர் ரோட்டில் ஓடிக் காய்ந்திருந்தது. கிளீனரை வண்டிக்குக் காவலாக நிழலில் உட்கார வைத்துவிட்டு, அவன் ஒரு கோணிப்பையைக் காலடியில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றான்.

நிறுத்தாமல் போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். கையைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போகலாம் என்றும் நினைத்தேன். அதற்குள் என் கால் பிரேக்கில் இருந்தது, வண்டி ஊர்ந்தது. நான் முடிவெடுப்பதற்கு முன் அவன் படியில் கால் வைத்துக் கதவைத் திறந்துவிட்டான்.

"வாட்டர் பம்பு போயிருச்சிடா. கழட்டிட்டேன். நெல்லூர்ல கடை கீது, அங்க எறக்கி உடு" என்று சொல்லிக் கோணிப்பையை உள்ளே தள்ளினான். பின்னாலேயே ஏறி உட்கார்ந்தான். செருப்பைக் கழற்றினான். இரண்டு கால்களையும் டேஷ்போர்டு மேல் நீட்டினான்.

வண்டியை எடுத்துக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் எனக்கு அது உறைத்தது. நின்ற வண்டியில்கூட ஏறப் பயந்த ஊரில், இந்த ஒருவன் ஓடும் வண்டியில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குப் பயமே இல்லை. உலகத்திலேயே எனக்கு வலிப்பு இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே டிரைவர் அவன்தான்.

சோதித்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ரோடு நேராக, காலியாக இருந்த இடத்தில், வலது கையால் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கியர் மேலிருந்த இடது கையை வெட்டி வெட்டி இழுத்தேன். வாயைக் கோணினேன். கண்ணை மேலே சொருகினேன், ரோடு தெரிகிற அளவுக்கு மட்டும். வேறு யாராக இருந்தாலும் கதவைத் திறந்து குதித்திருப்பார்கள்.

அவன் மாவாப் புகையிலையை மென்றுகொண்டே என்னைப் பார்த்தான்.

"ரோட்டப் பாருடா பேமானி."

நான் இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

"யார்கிட்டடா படம் காட்ற? அன்னிக்கே வரல, இன்னிக்கு எங்கிருந்துடா வரும்?" என்று சொல்லிச் சிரித்தான். வெளியே துப்பினான். "ஆனா சொம்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் பண்ற. சினிமாவுல சேர்த்துப்பாங்க."

கையை எடுத்து மறுபடி கியர் மேல் வைத்தேன். கேட்ட வார்த்தை காதிலேயே நின்றது. அவன் வாயிலிருந்து வந்துவிட்டது. கேபினில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். பதிவு செய்யவும் வழியில்லை, என் போன் டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடந்தது.

"ஏண்ணே அப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"இன்னா பண்ணச் சொல்ற? கேட் பாஸ் போயிருக்கும். உனக்கு அப்ப இன்னா, கல்யாணமா, குட்டியா? எங்கனா போய்ப் பொழச்சிப்பன்னு தெரியும். பொழச்சிக்கினு தானே கீற? தொ, வண்டியே ஓட்டற." கண்ணை மூடிக்கொண்டான். "நெல்லூர் வந்தா எழுப்பு. ராத்திரி தூக்கமே இல்ல, பேஜாரு."

கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. வாய் திறந்து, தலை ஜன்னல் பக்கம் சாய்ந்து, நல்ல தூக்கம். அந்தக் குறட்டையைக் கேட்கக் கேட்கத்தான் எனக்கு வழி தெரிந்தது.

கூடூருக்கு முன்னால் ஒரு தாபா இருக்கிறது. சமையல்காரர் பொன்னேரிப் பக்கத்து ஆள், நம்ம ஊர் ரசம் கிடைக்கும். அதனால் கும்மிடிப்பூண்டி வண்டிகள் எல்லாம் அங்கேதான் நிற்கும். நான் வண்டியைத் திருப்பி, இடது கதவு கயிற்றுக் கட்டில்களைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை. எஞ்சின் நின்றால் எந்த டிரைவருக்கும் விழிப்பு வந்துவிடும். ஓட விட்டுவிட்டு மெதுவாக இறங்கிப் போய், ஒரு டீ சொல்லி, கட்டிலில் உட்கார்ந்தேன்.

யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஒருவன் நிமிர்ந்து பார்த்தான்.

"டேய், அது யாருடா வண்டியில? நம்ம அண்ணன் மாதிரி கீது."

"எந்த வண்டியில?"

"வலிப்பு வண்டியில."

"போடா, அவரு எப்படி அதுல ஏறுவாரு?"

"வந்து பாருடா, குறட்டை உட்டுக்கினு கீறாரு!"

சாப்பாட்டுக் கையோடு எழுந்து வந்தார்கள். போனை எடுத்து வீடியோ பிடித்தார்கள். கதவில் ஏறி மூக்குக்குக் கிட்டே போனைக் கொண்டுபோனான் ஒருவன். இன்னொருவன் தன் சாவிக் கொத்தை எடுத்து அவன் காதோரம் குலுக்கினான். அந்தச் சத்தத்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் இனிமையாக இருந்தது. அவன் விழித்து, சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தான்.

"அண்ணே, இவன் வண்டியில ஏறாதீங்கடா, எல்லாரும் சாவீங்கன்னு சொன்னது நீங்கதானே?" என்று கேட்டான் வீடியோ எடுத்தவன். "நீங்க மட்டும் எப்படிண்ணே கால் நீட்டித் தூங்கறீங்க?"

அவன் என்னைப் பார்த்தான். நான் டீ குடித்தேன். இப்போது மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன். பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் முட்டாள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவன் கொட்டாவி விட்டான். நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

"அவனுக்கு இப்ப ஒண்ணும் கெடையாதுடா. சரியாப் போச்சு. நெல்லூர்ல ஒரு நாட்டு வைத்தியரு, நான்தான் சொல்லி அனுப்சேன். மூணு வேளை மருந்து. பையன் ஆளே மாறிட்டான் பாரு." வந்து என் தோளில் கை போட்டான். "நம்ம கையில வளர்ந்த பையன்டா. உட்ருவனா?"

அவன் கையைத் தட்டிவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வைத்தியரும் இல்லை, மருந்தும் இல்லை, நோயே இல்லை என்றேன். மேலே நான் நிற்கும்போது போன் பேசிக்கொண்டே வண்டியை எடுத்தது இவன் என்றேன். கத்தித்தான் சொன்னேன். கேட்டார்கள். கேட்டுவிட்டு ஒருவன், "சரி உடு நைனா, இப்ப நல்லாத்தானே கீற" என்றான். இன்னொருவன் அந்த வைத்தியரின் விலாசம் கேட்டான், அவன் மச்சினிக்கு இதே தொந்தரவாம். சிரிப்பும் பேச்சுமாகக் கட்டில்களுக்குத் திரும்பினார்கள். அவர்களுக்கு நான் குணமான வலிப்புக்காரன். குணமாக்கியது அவன்.

அவன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பாடு சொன்னான். "நீயும் துன்னுடா, அப்பால போலாம்" என்றான். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் முகம் கழுவப் போனான்.

ஓங்கோல் யார்டில் சாயந்திரத்தோடு கிரேன் ஆட்கள் போய்விடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் ஏறினேன், கிளம்பினேன். கண்ணாடியில் அவன் முகம் முழுக்கச் சோப்போடு நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது. கோணிப்பை என் இடது சீட்டுக்குக் கீழே கிடந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

போன் பெட்டிக்குள் விடாமல் அடித்தது. நெல்லூரில் வாட்டர் பம்ப் கடைகள் இருக்கிற பக்கம் திரும்பும் இடத்தைத் தாண்டினேன். பெண்ணாற்றுப் பாலத்தில் ஏறும்போது பையைத் தூக்கி மணலில் வீசினால் என்ன என்று தோன்றியது. வீசவில்லை. இரக்கத்தால் இல்லை. கையில் வைத்திருந்தால்தான் பேரம் பேச முடியும்.

ஓங்கோலில் கிரேன்காரர்கள் கிளம்பத் தயாராக இருந்தார்கள். கெஞ்சி இறக்க வைத்தேன். வண்டியைச் சுற்றி வந்து நான்கு பக்கமும் படம் எடுத்து ஓனரம்மாவுக்கு அனுப்பினேன். கீறல் இல்லை. அதற்குப் பிறகு, ஒரு குழாயடியில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டே அவன் அழைப்பை எடுத்தேன்.

முதலில் என் அம்மாவில் தொடங்கி நன்றாகத் திட்டினான். முடிகிற வரை காத்திருந்தேன்.

"பம்பு எங்கடா?"

"என்கிட்டத்தான் கீது. நாளைக்கு அந்தப் பக்கம்தான் வருவேன். எட்த்தாந்து குடுக்கறேன்."

"நாளைக்கா? வண்டி ரோட்டுல நிக்குதுடா! ஓனர் என்னைக் கொன்னுருவாரு."

"டிரைவருங்க குரூப்புல ஒரு வாய்ஸ் போடுங்கண்ணே. அன்னிக்கு இன்னா நடந்துச்சோ அது. போட்டா நாளைக்கு நிப்பேன். போடலன்னா ஹாரன் அட்சிட்டுப் போய்க்கினே இருப்பேன்."

எங்கள் ஊர் டிரைவர்கள், ஓனர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்ஆப் குரூப் அது. எழுதத் தெரியாதவர்கள் அதிகம் என்பதால் எல்லாம் பேச்சுதான். கொஞ்ச நேரத்தில் அவன் குரல் வந்தது. தம்பி நல்ல பையன், உடம்பு தேறிவிட்டது, எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும் என்று கல்யாண வீட்டில் மைக் பிடித்த மாதிரி பேசியிருந்தான். போன் செய்து, இது இல்லை என்றேன். அடுத்ததில் ஏதோ தப்பு நடந்திருக்கலாம் என்றான். அதுவும் இல்லை என்றேன்.

கடைசியாக வந்தது சின்னது. பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம். "அவனுக்கு வலிப்பு கெடையாது. எப்பவுமே கெடையாது. மேல அவன் நிக்கறப்ப நான் போன் பேசிக்கினு வண்டிய எட்த்துட்டேன். உயுந்துட்டான். கையில சாவி வெச்சது நான்தான். போதுமாடா?" கடைசி வார்த்தை எனக்கானது. அதையும் சேர்த்தே எல்லோரும் கேட்டார்கள்.

குழாயடியில் உட்கார்ந்தபடியே அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஓனரம்மா கூப்பிட்டார். "கேட்டேன் நைனா. படமும் பார்த்தேன். வண்டி உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். காலையில் போனை அணைத்த கிளீனரும் கூப்பிட்டான். அவனுக்கு நான் எடுக்கவில்லை.

மறுநாள் காலி வண்டியில் திரும்பினேன். காலி வண்டி துள்ளிக்கொண்டு ஓடியது. தாபாவுக்கு எதிர்ப்பக்கம் ஓரம் கட்டினேன். அவன் என்னைப் பார்த்துவிட்டு ரோட்டைத் தாண்டி, சென்டர் மீடியன் அரளிச் செடிகளை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான். முந்தின நாள் சட்டை, சவரம் செய்யாத முகம். நான் இறங்காமல் கோணிப்பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். கனம் தாங்காமல் கொஞ்சம் தள்ளாடினான். பையைத் தரையில் வைத்துப் பிரித்துப் பார்த்தான்.

"இன்னாடா இது? அப்படியே கீது. பேரிங் மாத்தலியா?"

"மாத்தறேன்னு நான் எங்கண்ணே சொன்னேன்? எட்த்தாந்து குடுக்கறேன்னுதானே சொன்னேன்."

"நெல்லூரைத் தாண்டித்தானேடா போன? நெல்லூரைத் தாண்டித்தானே வந்த?"

"ரெண்டு தபாவும் தாண்டித்தாண்ணே வந்தேன்."

பேமானி, கஸ்மாலம், சோமாறி என்று தொடங்கினான். முழுவதையும் உட்கார்ந்து கேட்டேன். மூச்சு வாங்கியதும் நிறுத்தினான். நெல்லூருக்கு வடக்கே போக வேண்டும். நான் தெற்கே போகிறேன். அது அவனுக்கும் தெரியும். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மறுபடி அரளிச் செடிகளுக்குள் நுழைந்தான். ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது. குனிந்து எடுக்க முடியாமல் அதை விட்டுவிட்டு, ஒற்றைக் காலில் சூடு பொறுக்காமல் குதித்துக் குதித்து அந்தப் பக்கம் போய் நின்றான். வடக்கே போகிற ஒரு லாரிக்குக் கையைக் காட்டினான். அது நிற்கவில்லை. இன்னொன்றுக்குக் காட்டினான்.

எனக்கு அவசரம் ஏதும் இல்லை. பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். மூன்றாவது வண்டியும் நிற்காமல் போன பிறகு கியரைப் போட்டேன்.